மட்டாஞ்சேரியின் யூதத் தெரு

மட்டாஞ்சேரியில் வாழும் நம் தமிழ்க் குடும்பத்தார் அரண்மனைக்கு அருகே உள்ள அந்தக் குறுகிய தெருவை அறியாதவர் அல்லர். சுக்கும் மிளகும் மணக்கும் கிடங்குகள், பழம்பொருட் கடைகள், இருபுறமும் ஒன்றோடொன்று தோள் சேர்ந்து நிற்கும் ஓட்டு வீடுகள், கோடியில் ஒரு மணிக்கூண்டு - இவ்வளவுதான் அத்தெரு. நிதானமாக நடந்தாலும் கால் மணி நேரத்தில் அதன் இரு முனைகளையும் கண்டுவிடலாம். ஊரார் அதனை 'ஜூ டவுன்' என்கின்றனர். தமிழில் யூதத் தெரு எனலாம். உறவினர் ஊரிலிருந்து வந்தால் அவர்களை அங்கு அழைத்துச் சென்று காட்டுகிறோம். ஆனால் அத்தெரு எவ்வாறு தோன்றியது, எவ்வாறு செழித்தது, ஏன் வெறுமையாயிற்று என்று நம் பிள்ளைகள் கேட்டால், விடை கூறத் தெரிந்தவர் நம்மிடையே எத்தனை பேர்?

பிறந்த மண்ணை விட்டு வந்து வேற்று மொழி வழங்கும் ஊரில் குடியேறி வாழ்பவர்கள் நாம். அங்ஙனமே வந்து, பல நூற்றாண்டுகள் வாழ்ந்து, பின் புறப்பட்டுச் சென்ற மற்றொரு குடியின் வரலாறு நம் வீட்டு வாயிலிலேயே இருக்கின்றது. அதை அறிவது நமக்குப் பொழுதுபோக்கு மட்டுமன்று, பயனும் ஆகும்.

தமிழ் படித்தவர் அறியக்கூடிய செப்பேடு

யூதர்கள் சேர நாட்டுக் கரைக்கு எப்பொழுது வந்தார்கள் என்பதைப் பற்றிப் பல மரபுக் கதைகள் உண்டு. சாலமோன் அரசன் காலத்து மரக்கலங்களோடு வந்தனர் என்பது ஒன்று. எருசலேம் ஆலயம் இடிக்கப்பட்ட கி.பி. 70க்குப் பின் வந்தனர் என்பது மற்றொன்று. எபிரேய வேதத்தில் மயிலைக் குறிப்பதாகக் கொள்ளப்படும் 'துகி' என்னும் சொல் தமிழின் 'தோகை'யோடு உறவுடையது என்று கால்டுவெல் முதலிய அறிஞர் கருதினர். கதைகள் எப்படியாயினும், நம் நாட்டுக்கும் அவர்கள் நாட்டுக்கும் இடையே மிளகும் மயிலும் ஏலமும் ஏறிச் சென்ற கடல்வழி மிகப் பழையது என்பதில் ஐயமில்லை.

கதையைக் கடந்து நம் கைக்குக் கிடைக்கும் உறுதியான சான்று ஒரு செப்பேடு. சேரப் பெருமாள் பாஸ்கர ரவிவர்மன், யோசேப்பு இரப்பான் என்னும் யூத வணிகத் தலைவனுக்கு அதை வழங்கினான். அறிஞர்கள் அதன் காலத்தைக் கி.பி. 1000 அளவினதாகக் கொள்கின்றனர். இரண்டே தகடுகள் கொண்ட அச்செப்பேட்டில் எழுத்து வட்டெழுத்து. பாண்டி நாட்டுக் கல்வெட்டுகளிலும் ஒரு காலத்தில் வழங்கிய எழுத்துத்தான் அது. மொழியோ, மலையாளம் தமிழிலிருந்து வேறுபட்டு வளர்ந்துவந்த காலத்து நடை. ஆகவே அதைப் படித்துக் காட்டக் கேட்டால் தமிழறிந்தவர்க்குப் பல சொற்கள் தாமே விளங்கும்.

அரசன் அச்செப்பேட்டால் யோசேப்பு இரப்பானுக்கு 'அஞ்சுவண்ணம்' என்னும் வணிகக் குழுவின் தலைமையையும், 72 விடுபேறுகளையும் அளித்தான். பகல் விளக்கு, நடைபாவாடை, பல்லக்கு, குடை, பறை, எக்காளம், தோரணம் முதலியன அவற்றுள் அடங்கும். சில வரிகளிலிருந்தும் விலக்குக் கிடைத்தது. இவ்வுரிமைகள் அவன் ஆண் மக்களோடு நில்லாமல், பெண் மக்களுக்கும் மருமக்களுக்கும் வழிவழியாகச் செல்லும் என்றும் குறிக்கப்பட்டது. அஞ்சுவண்ணம் என்னும் பெயர் தமிழ்நாட்டுக் கடற்கரைக் கல்வெட்டுகளிலும் காணப்படுகின்றது. எனவே இதனைச் சேர நாட்டுச் செய்தி என்று மட்டும் ஒதுக்குதல் இயலாது. தென்னாட்டு வணிக வரலாறு முழுமைக்கும் உரிய செய்தி இது. இச்செப்பேட்டை மட்டாஞ்சேரி யூதப் பள்ளி பல காலமாகப் போற்றி வைத்திருக்கிறது. 2017இல் இந்தியப் பிரதமர் இஸ்ரேல் சென்றபோது இதன் படிவத்தை அந்நாட்டுப் பிரதமருக்குப் பரிசாக அளித்தார்.

வெள்ளம் மாற்றிய துறைமுகம்

அக்காலத்தில் யூதர்களின் முதன்மையான இருப்பிடம் கொடுங்கல்லூர்; சங்க நூல்கள் போற்றும் முசிறித் துறையை ஒட்டிய நிலம் அது. 1341இல் பெரியாற்றில் பெருவெள்ளம் ஏற்பட்டு, மணல் ஒதுங்கி, அத்துறைமுகம் தூர்ந்தது என்பர். கொடுங்கல்லூர் இழந்ததைக் கொச்சி பெற்றது. அதன் கழிமுகம் ஆழப்பட்டுக் கலங்கள் இங்கு வரத் தொடங்கின. வணிகம் சென்ற வழியே வணிகரும் செல்வது இயல்பு. சில ஆண்டுகளுக்குள் யூதர்கள் கொச்சங்காடியில் ஒரு பள்ளியைக் கட்டினர். அப்பள்ளி இன்று இல்லை. 1344-45ஆம் ஆண்டைச் சேர்ந்த அதன் கல்வெட்டு மட்டும் யூதத் தெருப் பள்ளியின் சுவரில் பதிக்கப்பட்டிருக்கிறது.

பதினாறாம் நூற்றாண்டில் கொடுங்கல்லூரில் எஞ்சியிருந்த யூதர்களுக்கும் துன்பம் வந்தது. 1524இல் ஒரு தாக்குதல். பின்னர்ப் போர்த்துகீசியரால் நேர்ந்த கொடுமை. அவர்கள் கொச்சி மன்னனை அடைக்கலம் புகுந்தனர். மன்னனும் 1567இல் தன் அரண்மனைக்கு அருகிலேயே அவர்கள் குடியிருக்க நிலம் அளித்தான். இவ்வாறு பிறந்ததே யூதத் தெரு. அடுத்த ஆண்டு, 1568இல், பரதேசி யூதப் பள்ளி எழுந்தது. அரண்மனை, அதன் வளாகத்தில் பழயன்னூர் பகவதி கோயில், அதனை அடுத்து யூதர்களின் ஜெபாலயம்! அரசன் தன் குலதெய்வத்தின் அண்டையிலேயே அயலார் வழிபாட்டுக்கு இடம் தந்தான் என்பது நினைக்கத்தக்கது.

அந்த அரண்மனையின் கதையும் விந்தையானது. 1555இல் போர்த்துகீசியர் அதனைக் கட்டி, கொச்சி மன்னன் வீர கேரள வர்மனுக்கு அளித்தனர். 1663க்குப் பின் டச்சுக்காரர் அதனைப் புதுப்பித்தனர். கட்டியவரை மறந்து, செப்பனிட்டவர் பெயரால் ஊரார் அதனை 'டச்சு அரண்மனை' என்கின்றனர். அதன் சுவர்களிலோ இராமாயணக் காட்சிகள் வண்ண ஓவியங்களாக நிறைந்துள்ளன.

எரிந்த பள்ளி மீண்டும் எழுந்தது

1662இல் டச்சுக்காரர் கொச்சிக் கோட்டையை முற்றுகையிட்டுப் பயன்பெறாது திரும்பினர். யூதர்கள் டச்சுக்காரர்க்கு உதவினர் என்று சினங்கொண்ட போர்த்துகீசியர் யூதத் தெருவைச் சூறையாடிப் பள்ளிக்கும் தீயிட்டனர். ஆனால் 1663 சனவரியில் டச்சுக்காரர் மீண்டும் வந்து கொச்சியைக் கைப்பற்றினர். 1664இல் பள்ளி திரும்பக் கட்டப்பட்டது. அதன்பின் வந்த ஒன்றேகால் நூற்றாண்டுக் காலமே யூதத் தெருவின் பொற்காலம் எனலாம்.

அக்காலத்தின் பெருமகன் எசக்கியேல் ரஹாபி (1694-1771). டச்சுக் கம்பெனியின் தலைமை வணிகராக விளங்கியவர். கொச்சி மன்னருக்கும் வேற்றரசர்க்கும் கம்பெனிக்கும் இடையே பேச்சு நடத்தியவர். ஈட்டிய பொருளில் ஒரு பகுதியைத் தம் மக்களின் பொதுவிடத்துக்கே செலவிட்டார். 1760ஐ ஒட்டி எழுந்த மணிக்கூண்டு அவர் ஆதரவில் அமைந்தது. எபிரேயம், ரோமானியம், மலையாளம் என வெவ்வேறு எண்கள் அதன் முகப்புகளில் பொறிக்கப்பட்டன. எம்மொழியார் நோக்கினும் தத்தம் எண்ணிலேயே நேரம் அறியலாம். ஒரே கூண்டில் பல மக்களின் எண்களைப் பொறித்த அந்த மனப்பாங்கு மட்டாஞ்சேரிக்கே உரியது.

பள்ளியினுள் தரையில் பாவியிருப்பவை சீன நாட்டிலிருந்து வந்த நீலமும் வெண்மையுமான ஓடுகள். ஒவ்வொன்றும் கையால் தீட்டப்பட்டதாதலின் ஒன்றுபோல் மற்றொன்று இராது என்பர். மேலே பெல்ஜிய நாட்டுக் கண்ணாடி விளக்குகள் தொங்குகின்றன. நடுவே பித்தளைக் கம்பி சூழ்ந்த மேடை. அங்கு நின்று வேதம் ஓதுவர். மாடத்திலும் ஓதுமேடை ஒன்று உண்டு. இவ்விரண்டாம் மேடை கேரளத்து யூதப் பள்ளிகளுக்கே உரிய அமைப்பு. உள்ளே செல்வோர் காலணியைக் களைந்து செல்லவேண்டும். பிற நாட்டு யூதரிடையே பொதுவாக இவ்வழக்கம் இல்லை; நம் கோயில்களைப் பார்த்து அவர்கள் மேற்கொண்டது. வேதச் சுருளுக்குச் சூட்டும் பொன்முடி திருவிதாங்கூர் மன்னர் அளித்தது. சீனத்து ஓடு, பெல்ஜிய விளக்கு, திருவிதாங்கூர்ப் பொன், மலையாளத்து மரவேலை - இத்தனையும் சேர்ந்த பின்னும் அது யூதர் பள்ளியாகவே இருக்கின்றது. பிறரிடமிருந்து கொண்டது அவர்கள் தனித்தன்மையைக் குறைக்கவில்லை.

'பரதேசி' என்னும் சொல்

நம் பேச்சில் 'பரதேசி' என்றால் ஏழை, இரவலன் என்று பொருள்படுகிறது. அதன் நேர்ப்பொருள் வேற்று நாட்டான் என்பதே. ஸ்பெயின், போர்த்துகல், சிரியா, ஈராக், ஜெர்மனி முதலிய நாடுகளிலிருந்து பிற்காலத்தில் வந்து சேர்ந்தவர்கள் இப்பள்ளிக்கு உரியராதலின் அதற்குப் பரதேசிப் பள்ளி என்று பெயராயிற்று. அவர்களுக்கு முன்பே பல நூற்றாண்டுகளாக இங்கு வேரூன்றியவர்கள் மலபார் யூதர் எனப்பட்டனர். தொகையில் மிகப் பெரியவர்கள் அவர்களே. மட்டாஞ்சேரியில் அவர்களுக்குக் கடவும்பாகம், தெக்கும்பாகம் என இரு பள்ளிகள் இருந்தன. கடவுப் பக்கம், தெற்குப் பக்கம் என்று தமிழர்க்கு உடனே பொருள் விளங்கும் பெயர்கள் இவை. எறணாகுளத்தில் இரண்டு, பறவூர், சேந்தமங்கலம், மாளை ஆகிய ஊர்களில் ஒவ்வொன்று என எட்டுப் பள்ளிகள் இருபதாம் நூற்றாண்டில் இருந்தன.

வரலாற்றைக் கூறுவோர் அதன் இருண்ட பக்கத்தையும் மறைத்தல் ஆகாது. அரசர்களிடம் அன்பும் அயலாரிடம் மதிப்பும் பெற்ற இம்மக்கள், தமக்குள்ளே நிறத்தாலும் பிறப்பாலும் பேதம் பாராட்டினர். பரதேசி யூதர் மலபார் யூதரோடு மணவுறவு கொள்ளவில்லை. அடிமை நிலையிலிருந்து விடுவிக்கப்பட்டோரின் வழியினரைப் பள்ளியில் சமமாக அமரவும் வேதம் ஓதவும் விடவில்லை. அவர்கள் வாயிலை அடுத்த முன்கூடத்தில் இருந்தே தொழ வேண்டியிருந்தது.

அக்குடியில் 1882இல் பிறந்தவர் ஏ. பி. சேலம். கொச்சி யூதர்களுள் முதன்முதலாகப் பட்டம் பெற்று வழக்கறிஞரானவர் அவர். தொழிலாளர் உரிமைக்காகவும் நாட்டு விடுதலைக்காகவும் பேசினார். கொச்சிச் சட்டசபையிலும் இடம் பெற்றார். 1929இல் லாகூரில் கூடிய காங்கிரசுக்கும் சென்று வந்தார். தம் மக்களுக்குப் பள்ளியில் இழைக்கப்பட்ட அநீதியை எதிர்த்து அவர் கையாண்ட வழி காந்தியடிகளின் சத்தியாக்கிரகமே. வன்சொல் இன்றி, வழிபாட்டை விட்டு விலகாமலும் அவர் போராடினார். பெரியோர் பலரின் கடுமை மெல்லத் தளர்ந்தது; தடைகள் ஒவ்வொன்றாக நீங்கின. 'யூத காந்தி' என்று அவரை அழைத்தனர். யூதத் தெருவின் சாலைக்கு அவர் பெயர் சூட்டப்பட்டுள்ளது. ஒருகாலத்தில் அவர் வாயிலில் அமர நேர்ந்த பள்ளிக்கு, இன்று அவர் பெயர் தாங்கிய சாலை வழியாகவே செல்லவேண்டும்!

ஏன் சென்றார்கள்?

1948இல் இஸ்ரேல் நாடு தோன்றியது. அக்காலத்தில் கேரளத்தில் இருந்த யூதர் சுமார் 2,400 பேர். 1953 முதல் 1955 வரையிலான சில ஆண்டுகளுக்குள் மலபார் யூதர்களுள் பெரும்பாலோர் புறப்பட்டுச் சென்றனர். இந்நாட்டில் யாரேனும் அவர்களைத் துன்புறுத்தினரா? இல்லை. பிற நாடுகளில் யூதர் பட்ட பாட்டை இந்நாட்டில் அவர்கள் படவில்லை என்பதை அவர்களே பெருமையுடன் கூறுவர். நாள்தோறும் வேண்டுதலில் எருசலேமை நினைத்து வந்த மக்களுக்கு, அந்த நினைவு நனவாகும் வாய்ப்புக் கிடைத்தது முதற் காரணம். சிறு வணிகத்தில் வருவாய் குன்றியது மற்றொரு காரணம். உற்றார் சென்ற வழியே மற்ற உற்றாரும் செல்லும் குடியேற்ற வழக்கம் மூன்றாவது காரணம். இதனை நமக்கு விளக்க வேண்டியதில்லை.

பயணம் எளிதாகவும் இல்லை. கொச்சியில் பரவியிருந்த யானைக்கால் நோயைக் கண்டு அஞ்சிய இஸ்ரேல் அதிகாரிகள் அனுமதியைத் தாமதித்தனர். சேலம் அவர்கள் இஸ்ரேல் வரை சென்று தம் மக்களுக்காக வாதாடினார். பிறருக்கு வழி திறந்த அவரோ இங்கேயே தங்கி 1967இல் காலமானார். சென்றவர்கள் நெவாடீம், மெசிலத் சீயோன் முதலிய சிற்றூர்களில் குடியமர்ந்தனர். மீனும் முட்டையும் விற்றும், சிறுகடை நடத்தியும் வாழ்ந்தவர்கள், நெவாடீமின் பாலை நிலத்தில் உழவு கற்றுப் பூச்செடி வளர்ப்பிலும் பெயர் பெற்றனர். அவ்வூரில் கொச்சி யூதர்க்கென ஒரு பள்ளியும் ஒரு காட்சிச்சாலையும் உண்டு.

யூதர் வழிபாட்டில் ஒரு விதி உளது. வயது வந்த ஆடவர் பதின்மர் கூடினாலன்றிப் பொதுத் தொழுகையை முறைப்படி நடத்தலாகாது. ஒரு குடும்பம் புறப்படும்போது அது ஒரு குடும்பத்தின் செய்தி. பத்தாவது ஆடவர் புறப்படும்போது அது ஊரின் செய்தியாகிவிடுகிறது. விளக்குகள் தொங்கும், ஓடுகள் பளபளக்கும், வேதச் சுருளும் இருக்கும். தொழுகை மட்டும் நடவாது. 1968 டிசம்பரில் பரதேசிப் பள்ளியின் 400ஆம் ஆண்டு விழா பிரதமர் இந்திரா காந்தி கலந்துகொள்ளச் சிறப்பாக நடந்தது. அஞ்சல் தலையும் வெளியிடப்பட்டது. ஆனால் அவ்விழாவின்போதே மட்டாஞ்சேரியின் மற்ற இரு பள்ளிகளும் தம் மக்களை இழந்துவிட்டன. பின்னர்ப் பரதேசிக் குடிகளும் ஒவ்வொன்றாகக் குறைந்தன. தையல் வேலைப்பாட்டுக் கடை வைத்து, வந்தவர்க்கெல்லாம் இன்முகம் காட்டிய ஒரு மூதாட்டி 2019இல் 96 வயதில் மறைந்தபோது நாளேடுகள் எல்லாம் எழுதின. இன்று பள்ளி நிரம்ப வேண்டுமாயின் வெளியூர் விருந்தினரே வரவேண்டும்.

எஞ்சியவை எவை?

தெக்கும்பாகம் பள்ளி இடிக்கப்பட்டது. கடவும்பாகம் பள்ளியின் மரவேலைப்பாடுகள் கழற்றப்பட்டு எருசலேமில் உள்ள இஸ்ரேல் காட்சிச்சாலையில் 1995இல் மீண்டும் பொருத்தப்பட்டன. இங்கே எஞ்சிய வெறுங்கட்டடத்தின் ஒரு பகுதி 2019 மழையில் சரிந்து விழுந்தது. பள்ளியின் உடல் ஓரிடம், உயிர் ஓரிடம் என்று சொல்லும்படி ஆயிற்று. சேந்தமங்கலம், பறவூர்ப் பள்ளிகள் செப்பனிடப்பட்டுக் காட்சிச்சாலைகளாக உள்ளன.

கட்டடங்களைக் காட்டிலும் நெடுநாள் நின்றது வேறொன்று. கொச்சி யூதப் பெண்கள் திருமணத்துக்கும் பண்டிகைக்கும் மலையாளத்தில் பாடிய பாடல்கள் அவை. தாய் பாட மகள் கேட்டு, கேட்டதைக் குறிப்பேடுகளில் எழுதி வைத்தனர். புறப்படும்போது பாத்திரம் பண்டங்களோடு அக்குறிப்பேடுகளையும் கொண்டு சென்றனர். பழைய மலையாளச் சொற்கள் பல அவற்றில் தங்கியிருப்பதால் அறிஞர்கள் அவற்றைத் தேடிச் சென்று ஆராய்ந்து பதிப்பித்துள்ளனர். அரசன் அளித்த செப்பேட்டைப் போலவே, அன்னையர் எழுதிய அக்குறிப்பேடுகளும் இன்று வரலாற்றுச் சான்றுகள்.

நமக்கு இதனால் என்ன?

தமிழரும் இவ்வூர்க்கு நேற்று வந்தவர் அல்லர். டச்சுக்காரர் தம் படைவீரர்களின் உடைகளை வெளுப்பதற்காகத் தமிழ் நாட்டிலிருந்து வண்ணார் குடிகளை அழைத்துவந்தனர். அவர் வழியினர் இன்றும் ஃபோர்ட் கொச்சியின் வெளியில் உள்ள சலவைத் துறையில் தொழில் செய்கின்றனர். 1976இல் கொச்சி வளர்ச்சிக் கழகம் கட்டித் தந்த கூடத்தில் தொட்டிகள் வரிசையாக உள்ளன. கையால் துவைத்து, கஞ்சி போட்டு, முறுக்கிய கயிற்றின் இழைகளுக்கிடையே துணியைச் செருகி வெயிலில் உலர்த்துகின்றனர். அவர்களுக்கு மணிக்கூண்டும் இல்லை, செப்பேடும் இல்லை. ஆனால் அவர்கள் காத்த மொழியும் தொழிலும் இவ்வூர் வரலாற்றின் பகுதியே. சுற்றுலாக்காரர் அங்கு வந்து படம் எடுத்துச் செல்கின்றனர். நம் பிள்ளைகளுள் எத்தனை பேர் அங்கு சென்று அப்பெரியவர்களோடு தமிழில் இரண்டு வார்த்தை பேசியிருப்பர்?

யூதத் தெரு நமக்குக் கூறுவது அச்சுறுத்தல் அன்று. ஒரு குடி ஓரிடத்திலிருந்து செல்வது குற்றமும் ஆகாது. நம் பிள்ளைகளும் நாளை வளைகுடாவுக்கோ பெங்களூருக்கோ செல்லக்கூடும், செல்லட்டும். ஆயினும் போகும்போது என்ன கொண்டுபோவது, போனபின் இங்கு என்ன இருப்பது என்பதை எண்ணிப் பார்க்கும் பொறுப்பு இருக்கும் நமக்கே உரியது. எசக்கியேல் ரஹாபியைப் போல் மணிக்கூண்டு கட்டும் செல்வம் நம்மிடம் இல்லாதிருக்கலாம். அப்பெண்களைப் போல் ஒரு குறிப்பேடு எழுத எவரிடம் வசதி இல்லை?

ஆகவே நம் குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் இல்லத்து மூத்தோர் எந்த ஊரிலிருந்து, எந்த ஆண்டில், யார் துணையோடு, என்ன தொழிலுக்காக மட்டாஞ்சேரி வந்தனர் என்பதைக் கேட்டு எழுதி வையுங்கள். பாட்டி பாடும் தாலாட்டையும் நலுங்குப் பாட்டையும் அவர் சொல்லும்படியே எழுதுங்கள், திருத்தவேண்டா. பிள்ளைகளைக் கொண்டு எழுதுவியுங்கள். தமிழ் எழுத்துப் பழகியதாகவும் ஆகும், வரலாறு காத்ததாகவும் ஆகும். பேசத் தெரிந்தும் எழுதத் தெரியாத பிள்ளைகள் நம்மிடையே பெருகிவரும் இந்நாளில் இரண்டு பயனும் ஒருங்கே கிட்டுவது சிறிதன்று.

மற்றொன்றும் உண்டு. சேலம் அவர்களின் வாழ்க்கையை நம் கூட்டங்களில் நினைத்துக்கொள்வோம். குடிபெயர்ந்து வந்த சிறு கூட்டத்தில், முன் வந்தவர் பின் வந்தவர் என்றும், இன்ன ஊரார் இன்ன சாதியார் என்றும் வாயிலில் நிறுத்தும் வழக்கம் புகுமாயின், பதின்மர் தேவைப்படும் நாளில் ஒன்பதின்மரே கூடுவர். எல்லாரும் உள்ளே அமரும் கூடமே நெடுங்காலம் நிறைந்திருக்கும்.

அடுத்த விடுமுறை நாளில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு யூதத் தெருவுக்குச் செல்லுங்கள். மணிக்கூண்டின் எண்களைக் காட்டுங்கள். கொச்சங்காடிக் கல்லைக் காட்டுங்கள். அங்கிருந்து திரும்பும் வழியில் வெளிச் சலவைத் துறைக்கும் அழைத்துச் செல்லுங்கள். இரண்டும் சேர்ந்ததே மட்டாஞ்சேரியின் வரலாறு என்பதை அவர்களே உணர்ந்துகொள்வர்.